ரூபா இரண்டான கதை

எங்கள் வீட்டுப் பரணில் ஆறு கணக்குப் புத்தகங்கள் கிடந்தன. சிவப்புத் துணி ஒட்டிய நீள அட்டை. உள்ளே மங்கிப்போன ஊதா மை. தம்புள்ளைக் கடைத்தெருவில் ஒருகாலத்தில் எங்கள் குடும்பம் நடத்திய பலசரக்குக் கடையின் புத்தகங்கள் அவை. கடை கைமாறி நீண்ட காலமாகிவிட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது, செய்ய வேறு வேலை இல்லாமல் அவற்றை இறக்கித் தூசு தட்டினேன். அதே நாட்களில் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதன் பின்விளைவுகளைப் பற்றி வானொலியில் அடிக்கடி பேசினார்கள். ஜனவரி 31ஆந் திகதிதான் அது விலகியிருந்தது. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது.

முதல் புத்தகம் 1938ஆம் ஆண்டுக்குரியது. அரிசி மூட்டை, கருவாடு, கொத்தமல்லி, மண்ணெண்ணெய் என்று வழமையான வரவு செலவுகள். மாதம் ஒருமுறை மட்டும் "ஊருக்கு அனுப்பிய வகை" என்று ஒரு பதிவு வரும். 80 ரூபா, 100 ரூபா, நோன்புப் பெருநாள் மாதமானால் 150 ரூபா. அந்த ஊர் அதிராம்பட்டினம். இலங்கை ரூபா, இந்திய ரூபா என்ற பேதம் அந்தப் பக்கங்களில் எங்குமே இல்லை. ரூபா என்றால் ரூபா. அனுப்பியவர் கடையின் முதலாளி. எங்கள் மூத்தவாப்பா அப்போது அவரிடம் கணக்கு எழுதும் இளைஞர். ஆமாம், கடை எங்களுடையதாக ஆனது பின்னால் நடந்த கதை. அது எப்படி எங்களுடையதாக ஆனது என்பதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதைச் சொல்ல இரண்டு நாடுகளின் கதையையும் சொல்லியாக வேண்டும்.

இலங்கை எப்போதாவது இந்தியாவுடன் ஓர் ஒன்றியத்தில் இருந்ததா என்று வாசகர் கேட்கலாம். சட்டப்படி பார்த்தால் ஆறே ஆண்டுகள். 1796 பெப்ரவரியில் ஒல்லாந்தரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய கிழக்கிந்தியக் கம்பனி, கரையோர மாகாணங்களைச் சென்னையிலிருந்து ஆண்டது. ரொபர்ட் அன்ட்ரூஸ் என்ற அதிகாரி சென்னை முறைப்படியே வரி வசூலிக்கத் தொடங்கினார். அங்கிருந்து அமுல்தார்கள் வந்து இறங்கினார்கள். தென்னை மரத்துக்கும் வரி விழுந்தது. 1797இல் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1798 ஒக்டோபரில் பிரெடெரிக் நோர்த் ஆளுநராக வந்தார். 1802 ஜனவரி 1 முதல் இலங்கை பிரித்தானிய முடியின் தனிக் குடியேற்ற நாடாயிற்று. அப்போது பிரித்திருக்காவிட்டால் இந்தத் தீவு சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டமாகவே போயிருக்கலாம். நமது பாடநூல்களில் இந்த ஆறு ஆண்டுகளும் ஒரு பந்திக்கு மேல் பெறுவதில்லை. தம்புள்ளைக்கோ அந்தப் பந்தியிலும் இடமில்லை. 1815 வரை நாங்கள் கண்டி மன்னரின் ஆட்சிக்குள் இருந்தோம்.

இருந்தும் கடலுக்கு அப்பாலிருந்து தம்புள்ளை ஒருநாளும் விலகி இருந்ததில்லை. கண்டி இராச்சியத்தில் 'மடிகே' என்று ஒரு பிரிவு இருந்தது. பொதிமாடுகளில் பண்டங்கள் ஏற்றி இறக்குவது அதன் கடமை. அதில் நம்மவர்கள் பெருமளவில் இருந்தார்கள். புத்தளத்திலிருந்து உப்பும் கருவாடும் மேலே ஏறும். பாக்கு கீழே இறங்கித் தமிழகக் கரைக்குப் போகும். தவளம் என்று அந்த மாட்டு அணியைச் சொல்வார்கள். கடற்கரை அன்னியர் கையில் இருந்த காலத்திலும் பாக்கும் உப்பும் போய் வந்துகொண்டிருந்தன.

1802இல் ஆட்சி பிரிந்தது, மற்றவை பிரியவில்லை. அதுதான் நான் சொல்ல விரும்பும் ஒன்றியம். எந்த உடன்படிக்கையிலும் அது எழுதப்படவில்லை. கோப்பித் தோட்டங்கள் வந்தபோது தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்பது அந்த வடக்கு வீதி. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் அந்த வழியில் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். இன்று ஏ9 வீதி என்று நாம் பஸ்ஸில் சில மணித்தியாலங்களில் கடக்கும் தூரம் அவர்களுக்கு நாட்கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் அந்த வழி மூடப்பட்டது. அவர்களுக்குப் பின்னாலேயே கடைக்காரர்களும் வந்தார்கள். கூலி வாங்குபவர் இருக்கும் இடத்தில் அரிசியும் துணியும் விற்பவர் வந்தே தீருவார். கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், தொண்டி ஆகிய ஊர்களின் முஸ்லிம்கள் கொழும்பு புறக்கோட்டையிலும் கண்டியிலும் மாத்தளையிலும் கடை போட்டார்கள். ஆங்கிலேயர் இவர்களைக் 'கோஸ்ட் மூர்ஸ்' என்று எழுதினார்கள். தமிழில் கரையோரச் சோனகர், இந்தியச் சோனகர்.

பணத்தைப் பாருங்கள். 1872 ஜனவரி முதல் இலங்கையின் நாணயம் ரூபாவும் சதமும். சதங்களை இலங்கை தனக்கென வார்த்துக்கொண்டது. வெள்ளி ரூபாவை வார்க்கவில்லை. இந்திய ரூபாவேதான் இங்கும் ரூபா. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தபின் அரசாங்கமே நோட்டு வெளியிடத் தொடங்கியது. அந்த நோட்டுக்கும் பின்பலம் இந்திய ரூபாதான். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும், சென்னை எழும்பூரில் ஒரே டிக்கட் எடுத்துக் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம் என்றாயிற்று. கடவுச்சீட்டு கேட்பவர் இல்லை. மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் நோய்த்தடுப்புச் சோதனை மட்டும் உண்டு. ஒரு நாட்டின் குடிவரவு முகாம் மற்ற நாட்டின் மண்ணில்! இப்படி ஒரே நாணயம், தடையற்ற பயணம், தடையற்ற உழைப்பு, தடையற்ற சரக்கு என்பனவற்றைத்தான் ஐரோப்பியர்கள் பின்னாளில் பல தசாப்தங்கள் பேசிப் பேசி உருவாக்கினார்கள். ஒரு பெரிய வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. அங்கே நாடுகள் விரும்பிச் சேர்ந்தன. இங்கே ஏகாதிபத்தியத்தின் வசதிக்காக நாம் சேர்க்கப்பட்டோம். தோட்டத் துரைமாருக்கு மலிவான கூலி வேண்டும், அதற்கு மலிவான அரிசி வேண்டும். அந்த ஏற்பாட்டின் இடுக்கில் அதிராம்பட்டினத்து முதலாளியும் எங்கள் மூத்தவாப்பாவும் ஒரு கடைக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த ஒன்றியம் கலைந்ததற்கு ஒரு திகதி கிடையாது. 2016 ஜூன் 23 என்று பிரித்தானியர் சொல்வதுபோல நமக்குச் சொல்ல முடியாது. அங்கே 51.9 வீதத்தினர் விலக வேண்டும் என்றார்கள். சரியோ பிழையோ கேட்கப்பட்டது. நம்மை யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு நூலாக அறுந்தது.

1939இல் முதல் நூல் அறுந்தது. அரச திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியர்களை விலக்குவதென்று இங்கே முடிவெடுத்தார்கள். ஜூலையில் நேரு வந்து பேசிப் பார்த்தார், பயனில்லை. இலங்கை இந்தியக் காங்கிரஸ் அப்போதுதான் பிறந்தது. ஆகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம் தொழிலாளர்கள் இலங்கைக்குப் புறப்படுவதை இந்திய அரசாங்கம் தடைசெய்தது. 1942 ஏப்ரலில் யப்பானியர் கொழும்பில் குண்டு போட்டபோது ஏராளமான இந்தியக் கடைக்காரர்கள் ஊருக்கு ஓடினார்கள். அவ்வாண்டில் பர்மா யப்பானியர் கையில் விழுந்ததால் பர்மா அரிசியும் நின்றது. பர்மா அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 1937 ஏப்ரல் முதலாந் திகதி, இந்தியாவிலிருந்து சட்டப்படி பிரிக்கப்பட்டிருந்தது. ரங்கூனிலிருந்து கால்நடையாக அசாமுக்கு நடந்தவர்களுள் தமிழ் முஸ்லிம்களும் இருந்தார்கள். இலங்கையின் பிரிவு அவ்வளவு கொடூரமாக நிகழவில்லை. அதனால்தானோ என்னவோ அதைப் பற்றி யாரும் எழுதவுமில்லை.

எங்கள் முதலாளி 1942இல் ஊருக்குப் போனார். எட்டு மாதங்கள் கடையை மூத்தவாப்பா தனியே நடத்தினார். புத்தகத்தில் அந்த எட்டு மாதங்களும் அவருடைய கையெழுத்து. முதலாளி திரும்பி வந்ததும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "பார்த்தது" என்று எழுதியிருக்கிறார். சந்தேகத்தினால் அல்ல, அது வியாபாரத்தின் ஒழுங்கு.

சுதந்திரம் வந்த 1948இலேயே இரண்டு சட்டங்கள் வந்தன. 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஒன்று. 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் மற்றது. 1949 நவம்பரில் இரண்டாவது நடைமுறைக்கு வந்ததும், அதுவரை வீட்டு வாசல்போலக் கிடந்த பாக்கு நீரிணை எல்லையாயிற்று. இடையில் 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாக்கிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம். விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் 5 வரை அவகாசம். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. மலையகத் தமிழரின் இந்தத் துயரத்தை அவர்களுடைய எழுத்தாளர்கள் நன்றாகவே பதிவு செய்திருக்கிறார்கள். அதே சட்டத்தின் கீழ் இந்தியச் சோனகர்களுக்கு என்ன நடந்தது என்று எழுத நம்மவர்களுக்கு மட்டும் கை வரவில்லை.

அந்தச் சட்டத்தில் ஒரு கண்ணி இருந்தது. 1946க்கு முன் திருமணமானவர் ஏழு வருடங்களும், தனியாள் பத்து வருடங்களும் இடைவிடாது இங்கே வசித்திருக்க வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் நாட்டை விட்டுப் போயிருந்தால் வசிப்பு அறுந்ததாகக் கணக்கு. திருமணமானவராயின் மனைவியும் சிறு பிள்ளைகளும் இங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும். தோட்டத் தொழிலாளி குடும்பத்தோடு வந்தவர். அவரையே இந்த நிபந்தனைகள் இவ்வளவு வாட்டின. கரையோரச் சோனகரோ வாலிபத்தில் தனியாக வந்து, இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒருமுறை ஊர் போய், நாலைந்து மாதம் இருந்து திரும்புகிறவர். மனைவி மாமியார் வீட்டை விட்டு நகராதவர். அந்தச் சமூகத்தின் வாழ்க்கை முறையே சட்டத்தின் முன் தகுதியின்மையாயிற்று. எங்கள் முதலாளி 1924இலிருந்து தம்புள்ளையில் இருந்தார். சட்டத்தின் கண்ணில் அவர் ஒரு நாளும் இங்கே வாழவில்லை.

பிரித்தானியாவில் வாழ்ந்த ஐரோப்பியர்களுக்கும் ஒரு கடைசித் திகதி வைத்தார்கள். 2021 ஜூன் 30. ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலானவர்களுக்கு ஏதோவொரு வதிவிட உரிமை கிடைத்தது. அதிலும் ஆவணங்கள் இல்லாத முதியவர்கள் தவித்தார்கள் என்று படித்தேன். ஆனால் இருப்பவரை இருக்க விடுவது என்பது அங்கே தொடக்கத்திலிருந்தே பேச்சுவார்த்தையின் முதல் பொருளாக இருந்தது. இங்கே 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்டது, 975,000 மனிதர்களை 525,000, 300,000 என்று பங்கு போட்டு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்த ஒப்பந்தம். அந்த மீதியையும் 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள்.

இங்கே நம்முடைய பங்கைப் பற்றிப் பேசாமல் கடந்து போவது நேர்மையல்ல. 1880களில் பொன்னம்பலம் இராமநாதன் சோனகரை இனத்தால் தமிழர் என்றார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து நூல் எழுதினார். அந்த மறுப்புக்கு நியாயமான அரசியல் காரணம் இருந்தது. சட்டசபையில் நமக்கென ஒரு குரல் வேண்டியிருந்தது. ஆனால் நாம் அரபு வழித்தோன்றல், இந்த மண்ணின் சோனகர் என்று நிறுவ முற்பட்டபோது, பக்கத்துக் கடையில் இருந்த கரையோரச் சோனகர் நமக்கு வேற்றாளாகத் தெரியத் தொடங்கினார். 1915 கலவரத்தின் பின் இது கூடியது. சிங்கள வியாபாரிகளின் கோபம் கரையோரச் சோனகர் மீதுதான், நம்மீதல்ல என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தோம். எரிந்த கடைகளில் அந்தப் பேதம் பார்க்கப்படவில்லை. சேர் ராசிக் பரீத் முன்னின்ற இலங்கைச் சோனகர் சங்கமும், ரி.பி. ஜாயா முன்னின்ற முஸ்லிம் லீக்கும் 'சோனகர்' என்பதா 'முஸ்லிம்' என்பதா என்று நெடுநாள் வாதிட்டதன் அடியிலும், மற்ற விடயங்களோடு, யாரை உள்ளே சேர்ப்பது என்ற கேள்வி இருந்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் ஜாயா அமைச்சர். அவருடைய கல்விப் பணிக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். அதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை.

2012 ஏப்ரல் 20ஆந் திகதி வெள்ளிக்கிழமை, இதே தம்புள்ளையில் பள்ளிவாசலுக்குள் ஒரு கூட்டம் புகுந்தது. பல தசாப்தங்களாகத் தொழுகை நடந்துவந்த இடம். புனித பூமியில் உங்களுக்கு இடமில்லை என்பதே அவர்கள் சொன்னது. வேறிடத்துக்குப் போகச் சொன்னார்கள். அன்று எங்களில் யாரிடமும் நீர் இலங்கைச் சோனகரா, இந்தியச் சோனகரா என்று கேட்கப்படவில்லை. அடுத்த ஆண்டு அருகிலிருந்த காளி கோயிலும் போனது.

கடைக்குத் திரும்புகிறேன். ஐம்பதுகளில் முதலாளி தற்காலிக வதிவிட அனுமதியில் இருந்தார். வியாபாரத்தை இலங்கையர்மயப்படுத்துவது என்ற கொள்கை எல்லாக் கட்சிகளுக்கும் பொதுவாக இருந்தது. இறக்குமதி உரிமம் இலங்கையருக்கு; மொத்த வியாபாரம் கூட்டுறவு மொத்த விற்பனை நிலையத்துக்கு. 1953ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நாணயக் கட்டுப்பாட்டுச் சட்டத்தோடு "ஊருக்கு அனுப்பிய வகை" மெலிந்தது. ஒரு பதிவின் பக்கத்தில் "பாரம் நிரப்பியது" என்றும், அடுத்ததில் "அனுமதி வரவில்லை" என்றும் குறிப்பு. 1956 தொடக்கம் கடை மூத்தவாப்பாவின் பெயரில் பதிவாகியிருக்கிறது. பெயர் இவருடையது, முதல் அவருடையது, இலாபம் பாதிப் பாதி. நாடெங்கும் இப்படி எத்தனையோ கடைகளுக்குப் பெயர் ஒருவர், முதல் ஒருவர். எழுத்தில் எதுவும் இல்லை. நம்பிக்கைதான் பத்திரம்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. ரயிலும் கப்பலும் சந்தித்த துறை மணலுக்குள் போயிற்று. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது; அதுவும் எண்பதுகளில் போரோடு நின்றது. முதலாளியின் அனுமதி 1965இல் புதுப்பிக்கப்படவில்லை. அப்போது அவருக்கு அறுபது வயதுக்கு மேல். சரக்கு, தளபாடம், கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் இருவரும் உட்கார்ந்து பெறுமதி பார்த்து 9,000 ரூபா என்று முடிவுகட்டி, மூத்தவாப்பா தவணையாக அனுப்புவது என்று பேசிக்கொண்டார்கள். கையில் 2,000 வாங்கிக்கொண்டு அவர் போனார். மீதி 7,000.

அடுத்த ஆண்டுதான் ரூபா இரண்டானது. 1950 ஆகஸ்ட் 28இல் இலங்கை மத்திய வங்கி தொடங்கியபோதே நாணயச் சபையின் காலம் முடிந்திருந்தது. ஆனாலும் இரண்டு ரூபாக்களின் பெறுமதியும் சமமாகவே இருந்தது. டொலருக்கு இரண்டும் 4.76. 1966 ஜூன் 6ஆந் திகதி இந்தியா தன் ரூபாவை 7.50ஆக இறக்கியது. இலங்கை தன்னுடையதை அசைக்கவில்லை. ஒரே நாளில் இலங்கையின் 100 ரூபா, இந்தியாவின் 157 ரூபாவாயிற்று. 1967 நவம்பரில் இலங்கையும் 5.95க்கு இறக்கியது. அதன்பின் இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. இலங்கை ரூபா பெறுமதியில் மேலே நின்ற அந்தக் காலத்தை இன்று சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இப்போது ஓர் இந்திய ரூபாவுக்கு நம்முடையதில் மூன்றுக்கு மேல் கொடுக்க வேண்டும்.

மூத்தவாப்பா சிறிது சிறிதாக அனுப்பினார். சட்டப்படி கொஞ்சம், உண்டியல்காரர் மூலம் கொஞ்சம். உண்டியல் என்றால் எழுத்தில்லாமல் ஆள்வழி அனுப்பும் வழி. 1970வரை 3,600 ரூபா போயிருக்கிறது. அந்த ஒக்டோபரில் நிதியமைச்சர் என்.எம். பெரேரா 50, 100 ரூபா நோட்டுகளைச் செல்லாதாக்கினார். தகரப் பெட்டியில் முதலாளிக்கென்று எடுத்து வைத்திருந்ததெல்லாம் வங்கிக்குப் போனது. வங்கியில் போட்ட பணத்தை உண்டியலுக்கு எப்படி எடுப்பது? பயம் பிடித்துக்கொண்டது. 1971இல் ஒரே ஒரு பதிவு. அதற்குக் கீழே "பாக்கி 3,400". அதோடு அந்தக் கணக்கு நின்றுவிட்டது. மூத்தவாப்பா மௌத்தானது 1979இல். பயம் போன பிறகும் எட்டு வருடங்கள் கழித்து. 1977இல் கதவுகள் திறந்தபின்னும் ஏன் அனுப்பவில்லை என்பதற்கு வாப்பாவிடமும் பதில் இருக்கவில்லை. கடை நன்றாக நடந்த காலம் அது.

1963 குடிசனக் கணக்கெடுப்பில் இந்தியச் சோனகர் 55,000 அளவில் இருந்தார்கள். 1971இல் ஏறக்குறைய பாதி. 1981இன் முக்கிய அட்டவணைகளில் அவர்களுக்குத் தனி நிரலே இல்லை. 'ஏனையோர்' என்பதற்குள் போய்விட்டார்கள். பெருந்தொகையானோர் போயினர், சிலர் இலங்கைச் சோனகராகப் பதிந்துகொண்டனர் என்றே நினைக்கிறேன். நம்முடைய ஊர்களில் எந்தக் குடும்பம் எங்கிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இழப்பை மட்டும் சொன்னால் நான் பக்கச்சார்பாக எழுதியவனாவேன். எல்லை இறுகியதால் பிழைத்தவர்களும் உண்டு. 1970க்குப் பின் மிளகாயும் வெங்காயமும் இந்தியாவிலிருந்து வருவது கட்டுப்பட்டபோது யாழ்ப்பாண விவசாயி தலைநிமிர்ந்தான். அவனுடைய லொறிகள் எங்கள் தம்புள்ளைச் சந்தியில் தேநீருக்கு நின்றது எனக்கு நன்றாக ஞாபகம். தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் அதே காலம். அதற்குமுன் நமது வீடுகளில் மணிவிளக்கும் பிறையும் முஸ்லிம் முரசும்தான் வாசிப்பு. தாவூத் ஷாவின் தாருல் இஸ்லாத்தைச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தவர்களை மாத்தளையில் கண்டிருக்கிறேன். அவை வராமற் போன இடைவெளியில் வீரகேசரிப் பிரசுரங்கள் வந்தன, உள்ளூர்ச் சஞ்சிகைகளுக்கு வாசகர் கிடைத்தனர். இந்தச் சஞ்சிகையில் எழுதும் என்போன்றோரின் எழுத்துக்கும் அந்தத் தடைதான் மறைமுகமாக வழிவிட்டது. நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. ஏனெனில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் நூல்களும் அரபுத்தமிழும் இரு கரைக்கும் பொதுவாயிருந்த ஓர் உலகம் அதே தசாப்தங்களில்தான் நமக்கு அந்நியமாயிற்று. அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் இன்று எங்கள் ஊரில் இரண்டு பேர்.

1999இல் தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு மார்ச்சில் இந்திய இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரே சண்டை. தம்புள்ளை விவசாயி பெரிய வெங்காயத்தைத் தோண்டும் வேளையில் இந்திய வெங்காயம் வந்து விலை விழும். வரியைக் கூட்டு என்று வீதிக்கு வருவார்கள். 2023 டிசம்பர் 8இல் இந்தியா வெங்காய ஏற்றுமதியையே நிறுத்தியபோது விலை ஏறி, அதே சந்தையில் வாங்குபவர்கள் திட்டினார்கள். 2022இன் பஞ்ச காலத்தில் இந்தியக் கடனில்தான் எரிபொருளும் மருந்தும் வந்தன. 2023 ஜூலையில் இரு நாடுகளும் வர்த்தகத்தில் இந்திய ரூபாவைப் பயன்படுத்துவது பற்றியும், தரைவழிப் பாலம் பற்றியும் கூட்டறிக்கை விட்டன. எண்பது ஆண்டுகளாக நூல் நூலாக அறுத்ததைத் திரும்ப முடிய முயல்கிறார்கள். நடுவில் அறுபட்ட மனிதர்கள் அந்த அறிக்கையில் இல்லை.

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபரில் தொடங்கி நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடிய கப்பலில் அந்த ஆண்டின் இறுதியில் நான் போனேன். கைப்பையில் கடைசிப் புத்தகம். அதிராம்பட்டினத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு நாள் பிடித்தது. முதலாளியின் மகளார் எண்பது தாண்டியவர், இன்னும் இருந்தார். நான் யாருடைய பேரன் என்று சொன்னதும், "கணக்கெழுதுற தம்பியோட பேரனா?" என்றார். மூத்தவாப்பாவை அவர் ஒருநாளும் கண்டதில்லை. வாப்பாவின் கடிதங்களில் படித்த பெயர். அந்த வீட்டில் ஒரு சொல்வழக்கு இருப்பதைப் பேரப்பிள்ளைதான் கூச்சத்தோடு சொன்னார். வராத கடனுக்கு, நடக்காத காரியத்துக்கு அவர்கள் வீட்டில் "தம்புள்ளைக் காசு" என்று சொல்வார்களாம். எங்கிருந்து வந்த சொல் என்று இளையவர்களுக்குத் தெரியாது.

புத்தகத்தைத் திறந்து வைத்தேன். 3,400 ரூபா. அவர் பார்த்துவிட்டு, எந்த ரூபா என்று கேட்டார். எழுதியிருக்கவில்லை. எழுதத் தொடங்கிய காலத்தில் அதற்கு அவசியம் இருக்கவில்லை. இலங்கை ரூபாவானால் இன்று அது ஆயிரம் இந்திய ரூபா அளவில் வரும். இருவர் போய் ஒரு துணிக்கடையில் செலவழித்துவிடலாம். இந்திய ரூபாவானால் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். அன்றைய பொன் விலையில் கணக்கிட்டால் பல இலட்சம். எங்கள் ஊர் மௌலவியிடம் போகுமுன் கேட்டிருந்தேன். கடன் எந்த நாணயத்தில் ஏற்பட்டதோ அந்த நாணயத்தில் தீர்ப்பதே பொதுவிதி என்றார். அன்று இரண்டும் ஒன்றுதானே என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

அந்த அம்மா பணம் வேண்டாம் என்றார். பேரன் மெதுவாகக் குறுக்கிட்டு, இதில் வாரிசுகள் பதினொரு பேர், அவர்களில் மூவர் மலேசியாவில், எல்லோரிடமும் கேட்காமல் வேண்டாம் என்று சொல்ல மூமாவுக்கு மட்டும் உரிமை இல்லையே என்றார். அவர் சொன்னது சரி. கடைசிப் பக்கத்தை அலைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். இதுவரை ஏழு பேரிடமிருந்து பதில் வந்திருக்கிறது.